மேல்வகையும் மேன்மையும்

ஒரு பொருளை வாங்குவதா, வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் எளிது. வாங்குவது என்று தீர்மானித்த பிறகு, அதே பொருளில் எந்த வகையை வாங்குவது என்று முடிவு செய்வதே கடினம். முதல் கேள்விக்குத் தேவை விடை சொல்லிவிடுகிறது. இரண்டாவது கேள்வி எழும்போதோ, தேவை ஏறக்குறைய நிறைவேறிவிட்டது. அங்கே தேவை மௌனமாகிவிட, மனத்தின் வேறு ஏதோ ஒரு பகுதி பேசத் தொடங்குகிறது. அது எந்தப் பகுதி, அதன் பேச்சுக்கு எவ்வளவு செவிசாய்க்கலாம் என்பது பொருளியல் கேள்வி மட்டுமன்று. அறவியல் கேள்வியும் ஆகும்.

இன்று நடுத்தர வசதியும் அதற்கு மேற்பட்ட வசதியும் கொண்ட குடும்பங்களில் இக்கேள்வி மிகத் தெளிவாக எழுகின்ற இடம் கார் விற்பனையகம். அதிலும் எஸ்.யூ.வி. என்று அழைக்கப்படும் பெரிய சொகுசுக் கார்களில் ஒரே வாகனம் நான்கைந்து ‘வேரியன்ட்’களாக விற்கப்படுகிறது. உடல் ஒன்றே, பெரும்பாலும் எஞ்சினும் ஒன்றே. ஆனால் கீழ்ப்படிக்கும் மேற்படிக்கும் இடையே பல லட்சம் ரூபாய் வேறுபாடு. அந்தக் கூடுதல் தொகை தகுமா?

தமிழகத்திலிருந்து கேரளத்துக்குள் நுழையும் வாளையாரில் நின்று இக்கேள்வியைச் சிந்திப்பது பொருத்தமாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு வழிதரும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில், கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்த எல்லை ஊர் அது. முன்பு 47 என்றும் இப்போது 544 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலையில் சிமெண்ட் ஏற்றிய லாரியும், காய்கறி வேனும், அரசுப் பேருந்தும், கோடி ரூபாய்க் காரும் ஒரே வரிசையில் அவ்வூரைக் கடக்கின்றன. 2020 மே மாதம், பெருந்தொற்றுக் காலத்தில், அனுமதிச் சீட்டு இல்லாமல் தமிழகத்திலிருந்து ஊர் திரும்பிய மக்கள் அங்கே எல்லையில் தவித்து நின்றனர். அப்போது வேண்டியிருந்தது ஒரு சீட்டு. வந்த வாகனம் எந்த வகை என்று எவரும் கேட்கவில்லை. வாகனத்தின் படிநிலைக்கு எங்கே மதிப்பு உண்டு, எங்கே இல்லை என்பதை அந்த எல்லைக்கோடு அன்று காட்டியது.

படிக்கட்டைக் கட்டியவர்கள்

வகைப்படிகள் இயற்கையாக முளைத்தவை அல்ல. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-இல் அறிமுகப்படுத்திய ‘மாடல் டி’ காரை, நிறைய மக்கள் வாங்கக்கூடிய ஒரே எளிய வாகனமாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் தயாரித்தார். 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. 1920-களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் இதற்கு மாறான பாதையை வகுத்தார். செவ்ரோலேயில் தொடங்கி ப்யூக் வழியாகக் கடிலாக் வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகளை அடுக்கினார். ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றினார். கார் வைத்திருப்பவரே அடுத்த காருக்கும் வாடிக்கையாளராக வேண்டும். அதற்கு, வைத்திருக்கும் காரில் அவருக்குச் சற்று நிறைவின்மை ஏற்பட வேண்டும். 1927-இல் மாடல் டி உற்பத்தி நின்றது. ஸ்லோனின் வழியே உலகின் வழியாயிற்று.

இந்தப் படிக்கட்டு மனத்தின் மீது எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். இட்டமார் சைமன்சன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் புகைப்படக் கருவிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். விலை குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று என இரண்டைக் காட்டியபோது தேர்வு ஏறத்தாழப் பாதிக்குப் பாதியாக இருந்தது. மிக விலையுயர்ந்த மூன்றாவது கருவி ஒன்றையும் சேர்த்துக் காட்டியதும், பாதிக்கு மேற்பட்டோர் நடுவிலிருந்ததைத் தேர்ந்தெடுத்தனர். அந்தக் கருவியில் எதுவும் மாறவில்லை. அதற்கு மேலே ஒன்று வைக்கப்பட்டது, அவ்வளவுதான். ‘நான் உச்சத்துக்குப் போகவில்லை, நடுவில் நின்றுகொண்டேன்’ என்று நிதானத்தின் பெயரால் மனம் தன்னைப் பாராட்டிக்கொள்கிறது. ஆனால் நடு எது என்பதை முடிவு செய்தவர் விற்பவரே!

ஆகவே முதலில் தெளிய வேண்டியது இது: ஒரு பட்டியலிலுள்ள வகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மட்டும் எது தகும் என்று அறிய இயலாது. அளவுகோல் அந்தப் பட்டியலுக்கு வெளியிலிருந்து வர வேண்டும்.

‘உயர்ந்தது’ என்ற சொல்

அந்த வெளி அளவுகோலைத் தேடுபவருக்குத் தமிழ் மண்ணில் பிறந்த ஒரு பொருளியலறிஞர் துணை செய்கிறார். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்கியலும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் பயின்றவர். பம்பாயில் கணக்காயராக வசதியாக வாழ்ந்து, பின்னர் காந்தியடிகளுடன் இணைந்து கிராமத் தொழில்களுக்குத் தம் வாழ்வை அளித்தார். ‘நிலைத்த பொருளாதாரம்’ என்று பொருள்படும் தமது ஆங்கில நூலைச் சிறையிலிருந்தபோது எழுதினார். வாழ்க்கைத்தரத்தை ‘உயர்ந்தது’, ‘தாழ்ந்தது’ என்று பிரிப்பதே தவறு என்பது அவர் கருத்து. பொருள்கள் பெருகிய வாழ்வைச் சிக்கலானது என்றும், குறைந்த பொருள்களுடன் நடத்தும் வாழ்வை எளியது என்றும் சொல்வதே சரி. உயர்வு தாழ்வு என்பவை வாழ்வின் பண்பைக் குறிக்க வேண்டிய சொற்கள். பொருள்களின் எண்ணிக்கையைக் குறிக்க அவற்றைப் பயன்படுத்தும்போது, எளிய வாழ்வு தாழ்ந்த வாழ்வு என்று வாதமின்றியே தீர்ப்பாகிவிடுகிறது.

இந்தத் திருத்தத்தைக் கார் விலைப்பட்டியலில் செய்து பார்ப்போம். ‘மேல் வகை’ என்பதற்குப் பதில் ‘சிக்கல் மிக்க வகை’ என்றும், ‘கீழ் வகை’ என்பதற்குப் பதில் ‘எளிய வகை’ என்றும் எழுதிக்கொள்வோம். விலையும் வசதியும் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒரு மாற்றம் நிகழ்கிறது. முன்பு, எளிய வகையை ஏன் எடுக்கிறோம் என்பதற்குக் காரணம் தேட வேண்டியிருந்தது. இப்போது, சிக்கல் மிக்க வகையே தன் கூடுதல் விலைக்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் காரணம் நல்ல காரணமாகவும் இருக்கலாம். அதைக் கேட்டு எடைபோடுவதே விவேகத்தின் வேலை.

மூன்று கூடைகள்

மேல் வகையில் கூடுதலாகக் கிடைப்பவற்றை எல்லாம் மூன்று கூடைகளில் பிரிக்கலாம். உயிரைக் காப்பவை முதல் கூடை. உடலுக்கும் தொழிலுக்கும் பயன்படுபவை இரண்டாவது. பிறர் கண்ணுக்காக இருப்பவை மூன்றாவது.

முதல் கூடைக்குக் கூடுதல் விலை தகுமா என்று நெடுநேரம் விவாதிக்க வேண்டியதில்லை. காற்றுப்பைகள், வழுக்கலைத் தடுக்கும் அமைப்பு, தானே தடை போடும் ஏற்பாடு ஆகியவை மேல் வகையில் மட்டுமே கிடைக்குமானால், இயன்றவர் அதற்காக விலை கொடுப்பது கடமையே. அது வண்டிக்குள் இருப்பவரை மட்டுமல்லாமல், சாலையைக் கடக்கும் முதியவரையும் சைக்கிளில் செல்லும் சிறுவனையும் காக்கக்கூடும். உயிர்க்காப்பை ஆடம்பரத்துடன் சேர்த்துக் கட்டி விற்பது சரிதானா என்ற கேள்வி அப்போதும் தயாரிப்பாளரை நோக்கி நிற்கிறது. 2023 அக்டோபர் முதல் நமது நாட்டிலேயே ‘பாரத் என்.சி.ஏ.பி.’ என்ற மோதல் சோதனைத் திட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. வாங்குபவர் தோற்றத்தைக் கேட்பதற்கு முன் நட்சத்திர மதிப்பீட்டைக் கேட்கும் பழக்கம் பரவினால், இந்தக் கட்டு தளரும்.

ஆனால் முதல் கூடையிலும் ஒரு பாடம் உண்டு. 2022 செப்டம்பர் 4 அன்று, அகமதாபாத்திலிருந்து மும்பை திரும்பும் வழியில், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் காலமானார். அவர் பயணம் செய்தது காப்பு வசதிகள் நிறைந்த மெர்சிடிஸ் நிறுவனத்தின் சொகுசு எஸ்.யூ.வி. முன்னிருக்கையில் இருந்த இருவர் உயிர் பிழைத்தனர். பின்னிருக்கையில் இருந்த இருவர் இறந்தனர். பின்னிருக்கையில் இருந்தவர்கள் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. சீட் பெல்ட் எல்லா வகைகளிலும் இருக்கிறது. அதற்குக் கூடுதல் விலை கிடையாது. அதற்கு வேண்டியது ஒரு நொடிக் கவனம் மட்டுமே. எவ்வளவு விலை கொடுத்தாலும் பணம் பாதுகாப்பு வசதியைத்தான் வாங்கித் தரும்; பயன்படுத்தும் விழிப்புணர்வை வாங்கித் தராது.

இரண்டாவது கூடைக்கு எண்ணிக்கையே அளவுகோல். ஆண்டில் எத்தனை நாள் இது பயன்படும்? நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் ‘ஃபோர் வீல் டிரைவ்’ வகையை எடுத்துக்கொள்வோம். இடுக்கி மாவட்டத்தில் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடான பாதையில் ஜீப் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது கைகால் போன்றது. மழைக்காலத்தில் மலைத்தோட்டத்துக்கு ஏற வேண்டிய விவசாயிக்கும் அது தகும். வாளையாரிலிருந்து நான்குவழிச் சாலையில் கோயம்புத்தூருக்குச் சென்று திரும்புபவருக்கோ, அது ஆண்டு முழுவதும் சுமந்து திரியும் இரும்பு. எரிபொருளையும் கூடுதலாகக் கேட்கும். வசதி ஒன்றே, ஒருவருக்குத் தேவை, மற்றவருக்குப் பாரம்.

வெப்பநிலை 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி வரை சென்றது. அத்தகைய வட்டாரத்தில், காற்றோட்டமுள்ள இருக்கை முதுகுவலியோ முதுமையோ உள்ளவருக்கு உண்மையான உதவி. கூரை முழுவதும் கண்ணாடியாக்கும் பெரிய சன்ரூஃப், அதே வெயிலில், திரையிட்டு மூடப்பட்டே இருக்கும். குளிர்நாட்டில் சூரியனை வரவேற்கப் பிறந்த பொருள் அது. தனக்கு எது பயன்படும் என்று கேட்காமல், பட்டியலில் இருப்பதெல்லாம் பயன் என்று எண்ணினால் இத்தகைய முரண்பாடே மிஞ்சும்.

இரண்டாவது கூடையை எடைபோடும்போது விலையின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டும். இரு வகைகளுக்கிடையே வேறுபாடு 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் வேறுபாடு 6 லட்சத்தை நெருங்கும். இத்தொகை முழுவதும் 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெறப்பட்டால், மாதந்தோறும் ஏறத்தாழ 12,450 ரூபாய் தவணையாகும். முடிவில் ஏறத்தாழ ஏழரை லட்சம் ரூபாய் கட்டியிருப்போம். விற்பனையகத்தில் ‘ஐந்து லட்சம்தானே’ என்று கேட்ட குரல், வீட்டுக் கணக்கேட்டில் ‘ஏழரை லட்சம்’ என்று மாறி ஒலிக்கிறது. அந்தப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் மாதந்தோறும் வேறு எங்கே போயிருக்கும்? வீட்டில் வேலை செய்பவரின் ஊதிய உயர்வுக்கா, வயதான பெற்றோரின் மருத்துவத்துக்கா, உறவில் ஒரு பிள்ளையின் படிப்புக்கா? அறம் இங்கேதான் கணக்குக்குள் நுழைகிறது. ஒரு செலவின் உண்மையான விலை, அதனால் நடைபெறாமல் போன நற்செயலே.

பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, பிள்ளைகளின் விருப்பத்துக்கு இணங்கி ஏறத்தாழ 12,000 ரூபாய் விலையுள்ள ஃபியட் கார் வாங்கியபோது, பஞ்சாப் தேசிய வங்கியில் 5,000 ரூபாய் கடன் பெற்றார். 1966 ஜனவரியில் அவர் தாஷ்கண்டில் மறைந்த பிறகு, அக்கடனை அவரது மனைவி லலிதா சாஸ்திரி தமது ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். கார் வாங்கியது குற்றமன்று. கடன் பெற்றதும் குற்றமன்று. வாங்குபவர் ஒருவர், அடைப்பவர் மற்றொருவராக நேரலாம் என்பதையே அந்நிகழ்ச்சி நினைவூட்டுகிறது. கடனுக்குக் கையெழுத்திடும் ஒவ்வொருவரும், குடும்பத்தில் உள்ள மற்றவர் பெயரிலும் கையெழுத்திடுகிறார்.

பிறர் கண்ணில் இருக்கும் பொருள்

மூன்றாவது கூடை நுட்பமானது. பின்பக்கம் ஒட்டியுள்ள வகைப்பெயர், பெரிய சக்கரம், இரு நிற உடல், உள்ளே ஒளிரும் அலங்காரம் ஆகியவற்றால் பயணம் விரைவாவதில்லை, பாதுகாப்பும் கூடுவதில்லை. அவற்றின் பயன், பார்ப்பவர் மனத்தில் நிகழ்கிறது. பொருளியலறிஞர் ஃப்ரெட் ஹிர்ஷ் 1976-இல் வெளியிட்ட தமது நூலில் இத்தகைய பொருள்களின் இயல்பை விளக்கினார். கூட்டத்தில் ஒருவர் நுனிக்காலில் நின்றால் அவருக்கு நன்றாகத் தெரியும்; எல்லோரும் நுனிக்காலில் நின்றால் ஒருவருக்கும் முன்னைவிட நன்றாகத் தெரிவதில்லை, கால்வலி மட்டும் எல்லோருக்கும். தெருவில் ஒரே ஒரு மேல் வகை நிற்கும் வரை அது பெருமை. எதிர்வீட்டுக்காரர் அதற்கும் மேல் வகை வாங்கிய அன்று, வண்டியில் ஒரு கீறலும் விழாமலேயே அதன் மதிப்பு பாதியாகிவிடுகிறது.

பிறர் அறியாமல் நாமே மகிழ்ந்தாலும், அம்மகிழ்ச்சிக்கும் ஆயுள் குறைவு. ஃபிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்ப்பெல் ஆகிய உளவியலறிஞர்கள் 1971-இல் இதை ஓடுபொறிக்கு ஒப்பிட்டனர். புதிய வசதி சில காலத்தில் பழகிப்போகிறது. மனம் பழைய நிலைக்கே திரும்புகிறது. பிறகு அதே மகிழ்ச்சிக்கு அடுத்த படி தேவைப்படுகிறது. ஓடுபவர் களைக்கிறார், இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத மதிப்பெல்லாம் வீண்தானா? அவசரப்பட்டு ஆம் என்று சொல்வதைக் கேரளத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி தடுக்கிறது. 2021 டிசம்பரில் மஹிந்திரா நிறுவனம் குருவாயூர் கோயிலுக்கு ஒரு ‘தார்’ எஸ்.யூ.வி.யைக் காணிக்கையாக அளித்தது. அம்மாதமே தேவஸ்வம் அதை ஏலம் விட்டது. ஒருவர் மட்டுமே கலந்துகொண்ட அந்த ஏலத்தில் 15 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கிடைத்தது. அதை எதிர்த்துக் கேள்விகள் எழுந்ததால், 2022 ஜூனில் மறு ஏலம் நடைபெற்றது. அதே வாகனம் 43 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. அந்த ஆறு மாதத்தில் அதில் ஒரு புதிய வசதியும் சேரவில்லை. இரும்பின் விலை அதுவன்று. கோயில் முற்றத்தில் நின்ற பொருள் என்ற உணர்வின் விலை. பணமும் கோயிலுக்கே சென்றது.

பகட்டுக்காகக் கொடுக்கும் கூடுதல் விலைக்கும் பக்தியால் கொடுக்கும் கூடுதல் விலைக்கும் வேறுபாடு என்ன? இரண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகவே தரப்படுகின்றன. ஒரு சோதனை உண்டு: வேறு எவருமே அறியாதபடி இப்பொருள் கிடைக்குமானால், அப்போதும் இதே விலை கொடுப்போமா? ‘ஆம்’ என்றால், பொருள் அவருடைய உள்ளத்தோடு உறவுடையது. தந்தையின் பழைய காரை விற்காமல் பேணுபவரும் இத்தகையவரே. ‘இல்லை’ என்றால், அவர் வாங்குவது காரை அன்று, பிறர் பார்வையை. பார்வை விலைக்குக் கிடைக்காது. வாடகைக்கு மட்டுமே கிடைக்கும். வாடகையும் ஆண்டுதோறும் உயரும்.

விலையும் மதிப்பும் ஒன்றல்ல என்பதைச் சந்தையே அவ்வப்போது அறிவிக்கிறது. 2024 மே மாதம், ரேஞ்ச் ரோவர் வாகனங்களைப் புனேயில் ஒருங்கிணைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டபோது அவற்றின் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றப்பட்டு, பெரிய கார்களுக்கு 28 சதவீத வரியும் அதன் மேல் 22 சதவீதம் வரை இருந்த கூடுதல் தீர்வையும் நீங்கி, 40 சதவீதம் என்ற ஒரே விகிதம் வந்தது. விலைகள் மறுபடியும் இறங்கின. முதல்நாள் வாங்கியவரின் வண்டி மறுநாள் தரம் குன்றிவிடவில்லை. ஆனால் பெருமையை விலையில் வைத்திருந்தவருக்கு அன்று இழப்பு. பயனில் வைத்திருந்தவருக்கு வருத்தம் கொஞ்சம் இருக்கலாம், இழப்பில்லை.

எல்லை கடந்த ஆசை

ஆசை படியேறும்போது வருமானம் கூடவே ஏறாவிட்டால், வளைவது அறமே. கேரளத்தில் காரின் விலை உயர உயர வரி விகிதமும் உயர்கிறது. அந்த வரியைத் தவிர்க்க, பொய்யான முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் புதுச்சேரியில் பதிவு செய்த விவகாரம் 2017-இல் வெளிவந்து வழக்குகளானது. 2025 செப்டம்பர் 23 அன்று சுங்கத்துறை கேரளத்தின் பல இடங்களில் சோதனை நடத்தி, பூட்டானிலிருந்து வரி கட்டாமல் கடத்திவரப்பட்டவை என்ற ஐயத்தின்பேரில் முப்பதுக்கும் மேற்பட்ட வாகனங்களைக் கைப்பற்றியது. பூட்டானிய மொழியில் ‘வாகனம்’ எனப் பொருள்படும் ‘நும்கோர்’ என்ற சொல் அந்நடவடிக்கைக்குப் பெயராயிற்று. தனிமனிதர் எவர் குற்றவாளி என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யும். சிந்திப்பவருக்கு ஒரு கேள்வி போதும்: கோடி ரூபாய் வாகனத்தை வாங்கக்கூடியவருக்கு வரி ஏன் பாரமாகத் தோன்ற வேண்டும்?

காரணம் இதுதான். வருமானத்தின் விளிம்பு வரை சென்று ஒரு பொருளை எட்டிப்பிடிப்பவருக்கு, அதன் பின் வரும் ஒவ்வொரு கடமையும் தடையாகவே தெரியும். வரி மட்டுமல்ல, ஓட்டுநரின் ஊதியம், உறவினரின் உதவிக் கோரிக்கை, நண்பரிடம் பெற்ற கைமாற்று ஆகிய அனைத்தும் அவருக்கு எரிச்சலூட்டும். கடமைகளுக்கு உரிய பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு, எஞ்சியதில் எட்டக்கூடிய வகையைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்த எரிச்சல் இல்லை. எனவே ‘கூடுதல் விலை தகுமா?’ என்பதற்கு முன் எழ வேண்டிய கேள்வி, ‘இந்தத் தொகை முழுவதும் நம்முடையதுதானா?’ என்பது.

இரு மறுப்புகள்

‘இதெல்லாம் துறவிகளுக்குச் சரி, உழைத்துச் சம்பாதித்த இல்லறத்தான் வசதியாக வாழக் கூடாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அறம், பொருள், இன்பம் என்ற வரிசையில் பொருளுக்கும் இன்பத்துக்கும் நமது மரபு இடம் கொடுத்தே இருக்கிறது. இல்லறத்தான் வறியவனாக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அவனை நம்பியே மற்ற நிலைகள் நிற்கின்றன என்றே சொல்கிறது. அதனாலேயே அவன் பணத்துக்குப் பொறுப்பு அதிகம். வசதியை நுகர்வதில் தவறில்லை. தான் தேர்ந்தெடுக்காத ஓர் ஆசைக்கு, பிறர் கட்டிய படிக்கட்டில், ஏன் என்று அறியாமல் பணம் கட்டுவதே தவறு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ‘எளிய வகையை வாங்கிவிட்டு, தன் எளிமையை ஊரெங்கும் சொல்லித் திரிபவர் இல்லையா?’ உண்டு. மேல் வகையின் பெயர்ப்பலகை வண்டியின் பின்புறம் இருக்கிறது; அவருடைய எளிமையின் பெயர்ப்பலகை நாக்கில் இருக்கிறது. இரண்டும் மூன்றாவது கூடையைச் சேர்ந்தவையே. மேல் வகை வாங்கிய அண்டை வீட்டாரைத் தாழ்வாக எண்ணுபவர், அவரைவிட மலிவான விலையில் அதே அகந்தையை வாங்கியிருக்கிறார். ஆகையால் இந்த ஆராய்ச்சி பிறர் வண்டியின் மீது செய்யத்தக்கதன்று. அண்டை வீட்டில் ஒரு முதியவரின் முதுகுவலி இருக்கலாம். மலைப்பாதையில் ஒரு தோட்டம் இருக்கலாம். அது நமக்குத் தெரியாது. நம் கூடைகள் மட்டுமே நமக்குத் தெரியும்.

தேரும் தேரில் இருப்பவனும்

வாகனத்தைப் பற்றிய மிகப் பழைய உரையாடல்களில் ஒன்று கடோபநிஷத்தில் இருக்கிறது. மரணத்தின் இரகசியத்தை அறிய வந்த சிறுவன் நசிகேதனிடம், அதைக் கேட்காதே என்று சொல்லி, எமதர்மன் ஒவ்வொன்றாகப் பரிசுகளை அடுக்குகிறான். நீண்ட ஆயுள், யானைகள், குதிரைகள், பொன், பரந்த நிலம், தேர்களோடு கூடிய அழகியர் என்று அந்தப் பட்டியல் படிப்படியாக மேலே செல்கிறது.  எந்த விற்பனையகமும் காட்ட முடியாத விலைப்பட்டியல் அது. அதிலும் விலை எதுவும் கேட்கப்படவில்லை.

நசிகேதன் அவற்றை இழிவானவை என்று ஏசவில்லை. அவை நாளை வரை நிற்பவையா என்று ஆராய்ந்தான். பின்னர், தேர்கள் உன்னிடமே இருக்கட்டும் என்று மறுத்துவிட்டான். சிறுவனால் அது எப்படி முடிந்தது? எமன் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே, எதைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தன் கேள்வியை உடன் கொண்டு வந்தவனைப் பட்டியலால் மயக்க முடியவில்லை. அவனை வலியவனாக்கியது வைராக்கியம் மட்டுமன்று, முன்கூட்டியே அடைந்திருந்த தெளிவும்தான்.

அதே உபநிஷத் சற்றுப் பின்னர், மறுக்கப்பட்ட அந்தத் தேரையே உவமையாக எடுத்துக்கொள்கிறது. உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேரோட்டி, உள்ளே அமர்ந்திருக்கும் தலைவன் ஆன்மா. தேர் வேண்டாம் என்று அங்கே சொல்லப்படவில்லை. பயணத்துக்குத் தேர் வேண்டும். அது உறுதியாகவும் இருக்க வேண்டும். ஆனால் தேரோட்டி விழித்திருக்கிறானா, கடிவாளம் கையில் இருக்கிறதா என்பவைதான் போய்ச் சேருவோமா என்பதை முடிவு செய்கின்றன. தேரை அலங்கரிப்பதில் மூழ்கி, உள்ளே இருப்பவனை மறந்தவன் எவ்வளவு விலையுயர்ந்த தேரில் சென்றாலும், பயணி அல்லன், சரக்கே.

கூடுதல் விலை தகுமா என்ற கேள்வியுடன் விற்பனையகத்துக்குப் புறப்படும் ஒருவர், அதற்கு முந்தைய இரவு ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்தினரை உடன் அமர்த்திக்கொண்டு, எத்தனை பேர் பயணம் செய்கிறோம், எந்தச் சாலையில் செல்கிறோம், யாருக்கு என்ன உடல் தேவை, கடமைகளுக்குப் போக எவ்வளவு எஞ்சுகிறது என்று எழுதலாம். கடைசி வரியில் ‘இவ்வளவு போதும்’ என்று எழுதி, பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் அத்தாளில் எழுதியிருப்பதைத் தரும் வகை, மேலேயோ கீழேயோ எங்கே இருந்தாலும், அதையே வாங்கலாம். அதற்கு மேல் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று விற்பவர் அன்போடு சொல்வார். அவர் தம் கடமையைச் செய்கிறார். வாங்க வந்தவர் எதற்காக வந்தோம் என்பதை நினைவில் வைத்திருந்தால், அதுவே அவர் கடமை.